வட சென்னைப் பூங்காக்களுக்கு எத்தனை ஆள் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர். இந்த ஆறு மாநகராட்சி மண்டலங்களில் பூங்கா பற்றிப் பேச்சு எடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பகுதி சபைக் கூட்டத்துக்கு (வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதித் தேவைகளைப் பேசும் கூட்டம்) போகிறவர்கள், குடியிருப்போர் சங்கத்தினர், பூங்கா மேற்பார்வையாளர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்று நினைத்து எழுதியிருக்கிறேன்.

பூங்காவில் குப்பை கிடக்கிறது, புல் காய்ந்து கிடக்கிறது. "இன்னும் ரெண்டு ஆள் போடுங்க" என்று கேட்டால் போதாதா?

கேட்கலாம். "நிதி இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும், பேச்சு அத்தோடு முடியும். எந்த வேலைக்கு வாரம் எத்தனை மணி நேரம் வேண்டும், அதில் எவ்வளவு நடக்கிறது, எவ்வளவு விடுபடுகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் அந்த ஒரே வரியில் தப்பிக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. சில பூங்காக்களில் பிரச்சினை ஆள் பற்றாக்குறையே இல்லை. மோட்டார் ரிப்பேராகி வாரக்கணக்கில் கிடக்கும், தோட்டக்காரர் குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றிக்கொண்டிருப்பார். அங்கே இன்னொரு ஆளைப் போட்டால் இன்னொரு குடம்தான் கூடும். கணக்கு எடுத்தால்தான் இது வெளியே தெரியும்.

ஏக்கருக்கு இத்தனை பேர் என்று ஒரு அளவு வைத்துக்கொண்டால் சுலபமாக இருக்குமே?

சுலபம்தான், ஆனால் வட சென்னையில் அது பொருந்தாது. இங்கே பல பூங்காக்கள் நான்கு கிரவுண்டு, எட்டு கிரவுண்டு அளவில் இருப்பவை. சுற்றியுள்ள வீடுகளும் சிறியவை. அதனால் காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ பூங்காவுக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது. விடியற்காலையில் நடைப்பயிற்சி. மதியம் சுமை தூக்குபவர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் கொஞ்ச நேரம் தலை சாய்க்க வருவார்கள். மாலையில் பிள்ளைகள், பந்து, கேரம். இருட்டிய பிறகு வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத மாணவர்கள் விளக்கடியில் புத்தகத்தோடு இருப்பார்கள். இராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் மழையில் நடந்தது. பூங்கா என்றால் ஊர் கூடும் இடம் என்பது இந்தப் பக்கத்தில் அவ்வளவு பழைய வழக்கம்.

ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்ட வழிகாட்டி சொல்கிறது. நெருக்கமான நம் பகுதிகள் அதன் பக்கத்தில்கூட வராது. இடம் குறையக் குறைய, இருக்கும் இடத்தை மிதிக்கும் கால்கள் கூடும். அரை ஏக்கரில் நாளுக்கு ஐம்பது பேர் வரும் பூங்காவும் ஐந்நூறு பேர் வரும் பூங்காவும் பரப்பளவில் ஒன்று, வேலையில் ஒன்றில்லை. ஏக்கர் கணக்கு இந்த வித்தியாசத்தைப் பார்க்காது. நெருக்கமான பேட்டைக்கு எப்போதும் குறைவாகவே ஆள் ஒதுக்கும்.

ஆகவே பரப்பளவோடு பயன்பாட்டையும் எண்ணுங்கள். காலை 6 மணி, மதியம் 1 மணி, மாலை 6 மணி என மூன்று நேரம் தலை எண்ணினால் போதும். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு. பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் எத்தனை பேர் என்று தனியாகக் குறியுங்கள். ஏதாவது ஒரு நேரத்தில் பெண்களே இல்லையென்றால், அங்கே விளக்கோ கழிப்பறையோ பாதுகாப்போ சரியில்லை என்று வைத்துக்கொண்டு விசாரிக்கலாம்.

எதையெல்லாம் பட்டியல் எடுப்பது?

வேலை வாங்கும் எல்லாவற்றையும். புல்தரை எத்தனை சதுர மீட்டர், நடைபாதை எத்தனை மீட்டர், வேலிச்செடி எத்தனை மீட்டர் நீளம், மரங்கள் எத்தனை, என்ன வகை. அப்புறம் விளக்கு, குழாய், மோட்டார், தொட்டி, ஊஞ்சல், சறுக்கு, உடற்பயிற்சிக் கருவி, பெஞ்சு, குப்பைத் தொட்டி, கழிப்பறை, மழைநீர் வடிகால், சுற்றுச்சுவர், கேட்டு. மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கும் ஸ்பாஞ்ச் பூங்காவாக மாற்றிக் குளம் வெட்டியிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். அதில் வண்டல் சேரும், தூர் வாராவிட்டால் தண்ணீர் பூமிக்குள் இறங்காது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிலைமையை நான்கே வகையில் எழுதினால் போதும்: நன்றாக இருக்கிறது, சின்னப் பழுது, மாற்ற வேண்டும், ஆபத்து. பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போக வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். ஆபத்து என்று குறித்ததை மட்டும் பட்டியல் முடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே புகாராகக் கொடுத்துவிடுங்கள். மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது, நம்ம சென்னை செயலியும் இருக்கிறது.

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செய்பவரிடம் கேளுங்கள், பிறகு கூடவே இருந்து பாருங்கள். எதற்காகப் பார்க்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் கடிகாரத்தோடு ஒருவர் பின்னால் நின்றால், வேலைக்கு உலை வைக்க வந்தவர் என்றுதான் வேலை செய்யும் அம்மா நினைப்பார். பயத்தில் ஓடி ஓடிச் செய்தால் கணக்கும் தப்பாகும், அவருக்கும் கெடுதல். ஆள் அதிகம் கேட்பதற்காக எடுக்கும் கணக்கு இது என்று தெரிந்தால் அவரே எல்லாம் சொல்வார்: எந்தக் குழாயில் அழுத்தம் இல்லை, எந்த மூலையில் பாட்டில் உடைத்துப் போடுகிறார்கள், திங்கட்கிழமை ஏன் இரண்டு மடங்கு குப்பை.

வேகமானவரின் நேரத்தை அளவாக வைக்காதீர்கள். மே மாத வெயிலில் ஒருவர் இடையிடையே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நேரமும் வேலை நேரம்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். கீழே உள்ள நேரங்கள் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் பூங்காவில் அளந்த நேரத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அரை ஏக்கர் பூங்கா, அதாவது சுமார் 2,000 சதுர மீட்டர், ஏறக்குறைய 9 கிரவுண்டு. அதில் புல்தரை 800 சதுர மீட்டர். கோடையில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பெருக்கிக் குப்பை அள்ள காலை ஒன்றரை மணி, மாலை ஒரு மணி, வாரத்துக்கு 17.5 மணி நேரம். தண்ணீர் ஊற்ற நாளுக்கு 2 மணி; 14 மணி நேரம். கழிப்பறையை நாளுக்கு 6 முறை, முறைக்கு 20 நிமிடம் கழுவினால் அதுவும் 14. களை எடுப்பது, பாத்தி, வேலிச்செடி எல்லாம் சேர்த்து 8. ஊஞ்சல், விளக்கு, குழாய் சுற்றிப் பார்க்க 2.5. புல் வெட்டுவது கோடையில் குறைவு, 1 மணி நேரம் வைக்கலாம். மொத்தம் 57 மணி நேரம்.

சரி, ஒரு ஆள் வாரத்தில் எவ்வளவு நேரம் தருவார்? 6 நாள், 8 மணி நேரம் என்றால் 48 என்று தோன்றும். சாப்பாடு, ஓய்வு, கருவி எடுத்து வைப்பது போக நாளுக்கு ஆறரை மணி நேரம்தான் கையில் நிற்கும். வாரத்துக்கு 39. இதோடு முடியவில்லை. ஆண்டின் 365 நாளில் வார விடுமுறை 52 போனால் 313. பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள், சொந்த விடுப்பு எல்லாம் சேர்த்து 28 நாள் கழித்தால் 285. அந்த விகிதத்தில் பார்த்தால் 39 மணி நேரம் சராசரியாக 35.5 ஆகிறது.

57ஐ 35.5ஆல் வகுத்தால் 1.6. அதாவது இந்தப் பூங்காவுக்கு ஒன்றரை ஆளுக்கும் கொஞ்சம் மேலே வேண்டும். ஏக்கருக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் போயிருந்தால் ஒருவர்தான் கிடைத்திருப்பார், வாரம் 21.5 மணி நேர வேலை விடுபட்டிருக்கும். விடுபடுவது எது என்று பார்த்தால், கேட்டில் இருந்து பார்த்தாலே தெரியும் பெருக்கும் வேலை நடந்துவிடும். கழிப்பறையும் களையும் ஊஞ்சல் சங்கிலியும்தான் நின்றுபோகும்.

மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்றும் 14 மணி நேரம் மிச்சம் என்று ஆளைக் குறைத்துவிடக் கூடாது. அக்டோபரில் இருந்து புல்லும் களையும் போட்டி போட்டு வளரும், சருகு சேறாகும், வடிகால் அடைக்கும். தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக ஒன்றரை வாரம்கூட ஆகாது. ஆகவே வாரம் ஒருமுறை தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கும் வேலை புதிதாகச் சேரும். கூட்டிக் கழித்தால் மொத்தம் ஏறக்குறைய அதே மணி நேரம்தான் வரும்.

0.6 ஆளை எப்படிப் போடுவது?

பக்கத்துப் பூங்காக்களைச் சேர்த்துத்தான். ஒவ்வொரு பூங்காவுக்கும் நிரந்தரமாக ஒருவர். அந்த இடம் அவருக்குத் தெரியும், வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். இந்த உறவு மிகவும் முக்கியம், மாதாமாதம் ஆளை மாற்றக் கூடாது. அதற்கு மேல், ஐந்தாறு பூங்காக்களுக்குப் பொதுவாகச் சுற்றிவரும் ஒரு குழு: புல் வெட்டுபவர், கிளை கழிப்பவர், பிளம்பர், எலெக்ட்ரீஷியன்.

சுற்றும் குழுவுக்குப் பயண நேரத்தையும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். இராயபுரத்தில் ஒரு பூங்காவில் இருந்து அடுத்ததற்கு நடந்தே போகலாம். மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் அரை நாள் போய்விடும். எனவே வார்டு எல்லையைப் பார்த்துப் பிரிக்காமல் சாலையைப் பார்த்துப் பிரிப்பது நல்லது.

வாட்ச்மேன் ஒருத்தர் போதுமா?

24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும் என்றால் ஒருவரால் ஆகவே ஆகாது. மூன்று ஷிப்ட், வருடம் 365 நாள், ஒருவர் வருவது 285 நாள். கணக்குப் போட்டால் 3.84, ஆகவே 4 பேர். ஒரே ஒரு முதியவரைப் பூங்காவிலேயே தங்கவைத்து அதற்கு 24 மணி நேரக் காவல் என்று பெயர் வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். நிதி இல்லையென்றால் பூட்டும் நேரத்தைக் குறிப்பிட்டு இரண்டு ஷிப்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

தண்ணீருக்கு என்ன வழி? போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே.

வட சென்னையில் பராமரிப்புக் கணக்கின் பாதிச் சிக்கல் இதில்தான் இருக்கிறது. அடிப்படை சுலபம்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் புல்லுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால், மேலே சொன்ன 800 சதுர மீட்டருக்கு நாளுக்கு 4,000 லிட்டர். 9,000 லிட்டர் லாரி வந்தால் இரண்டு நாள் ஓடும். சென்னையில் வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்தாலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஏப்ரல், மே, ஜூனுக்கு லாரியோ போரோதான்.

மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே வந்துவிட்டது. கரையோரப் பேட்டைகளிலும் உப்புக் கரிக்கிறது. இந்தத் தண்ணீரில் கொரியன் புல் வளர்க்கப் பார்த்தால் ஆளும் போதாது, காசும் போதாது. என் கருத்து இதுதான்: புல்தரையைப் பாதியாகக் குறைத்துவிட்டு மீதி இடத்தில் பூவரசு, புங்கன், புன்னை என்று உப்பையும் கடற்காற்றையும் தாங்கும் மரங்களை வைக்கலாம். புல் வேண்டிய இடத்துக்கு அருகம்புல் இருக்கிறது. மதிய வெயிலில் வந்து உட்காருகிறவருக்கு வேண்டியது நிழல்தானே. புல் 800இல் இருந்து 400 ஆனால் தண்ணீரும் பாதி, தண்ணீர் ஊற்றும் நேரமும் பெருமளவு குறையும். அந்த நேரம் களைக்கும் கழிப்பறைக்கும் போகும். வடிவமைப்பை மாற்றினால் ஆள் கணக்கே மாறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சொட்டு நீர்க் குழாய் போட்டாலும் நேரம் மிச்சமாகும். ஆனால் உப்புத் தண்ணீரில் அதன் துளைகள் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை சுத்தம் செய்யும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறது. நம் தெரு வழியாகப் போகும் அந்தத் தண்ணீரில் ஒரு துளிப் பங்கு பூங்காக்களுக்கும் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

விளையாட்டுக் கருவிகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

கண்ணால் பார்ப்பது தினமும், கையால் அசைத்துப் பார்ப்பது வாரம் ஒருமுறை, பொறியாளர் வந்து பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கடலுக்குப் பக்கத்தில் உள்ள பூங்காக்களில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பெயின்டுக்கு அடியில், தரையோடு சேரும் இடத்தில் முதலில் அரிக்கும், வெளியே தெரியாது. அங்கெல்லாம் பெயின்ட் அடிக்கும் இடைவெளியையும் மாற்றும் ஆண்டையும் முன்னுக்கு இழுத்து எழுதுங்கள். ஊஞ்சலுக்குக் கீழே மணல் சுமார் 30 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும். கால் பட்டுப் பட்டு அது ஓரத்துக்குப் போய்விடும், நடுவில் குழி விழும். அந்த மணலைத் திரும்ப இழுத்துவிட ஐந்து நிமிடம் ஆகும். விழும் குழந்தையின் தலைக்கு அந்த ஐந்து நிமிடம்தான் பாதுகாப்பு, யாருடைய வேலைப் பட்டியலிலும் அது இல்லாமல் இருக்கக் கூடாது.

மரங்களுக்குத் தனியாக ஆள் தேவையா?

தேவை, வருடம் முழுவதும் இல்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே நாளில் சென்னை முழுக்க ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. செம்மயில்கொன்றை (குல்மோகர்), பெருங்கொன்றை போன்ற பலவீனமான மரங்கள் அதிகம் விழுந்தன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பரில், ஒவ்வொரு மரத்தையும் பார்த்துக் காய்ந்த கிளை, ஒருபக்கம் சாய்ந்த பாரம், பொந்து இருக்கிறதா என்று குறித்துக் கிளை கழிக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்தான் இதைச் செய்ய வேண்டும், தோட்டக்கார அம்மாவிடம் அரிவாளைக் கொடுத்து ஏறச் சொல்லும் வேலை இல்லை. மரத்தையே வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பேவர் பிளாக் பதிக்கும்போது அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விடச் சொல்லுங்கள். மூச்சு முட்டிய வேர் உள்ள மரம்தான் காற்றில் முதலில் போகிறது.

ஒப்பந்ததாரர் பார்க்கும் பூங்காவில் நாம் ஏன் ஆள் கணக்குப் பார்க்க வேண்டும்?

குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்தவர் எங்கே குறைப்பார்? ஆளில் குறைப்பார், இல்லாவிட்டால் கூலியில் குறைப்பார். ஒப்பந்தத்தில் "பூங்காவைத் தூய்மையாகப் பராமரிக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தால் யாரையும் எதையும் கேட்க முடியாது. கழிப்பறை நாளுக்கு எத்தனை முறை, புல் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எரியாத விளக்கு எத்தனை மணி நேரத்துக்குள் சரியாக வேண்டும், எத்தனை பேர் எந்த நேரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் கேட்கலாம்.

கூலிக் கணக்கில் குறைந்தபட்ச ஊதியத்தோடு, முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். 12 சதவீதமும் இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமும் தனி வரியாக இருக்க வேண்டும். அது இல்லாத மதிப்பீடு, தொழிலாளியின் பாக்கெட்டில் கைவைத்த மதிப்பீடு. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலையைக் கொடுத்த நிறுவனமே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டக் காலத்தில் இருந்தே உள்ள பொறுப்பு.

பூங்காக்களில் வேலை செய்பவர்களில் பெண்கள் நிறைய. அவர்கள் உடை மாற்ற ஒரு அறை, குடிக்கத் தண்ணீர், கையுறை, பூட்டி வைக்க ஒரு அலமாரி. இவற்றையும் பராமரிப்புத் தேவை என்ற தலைப்பிலேயே எழுதுங்கள். மரத்தடியில் சுருட்டி வைத்த பையோடு ஒருவரை வேலை வாங்கிவிட்டு நாம் மட்டும் நல்ல பூங்கா கேட்பது முறையாகாது.

மெஷின் வாங்கினால் ஆளைக் குறைக்கலாமா?

புல் வெட்ட உதவும். ஆனால் எரிபொருள், பிளேடு, ரிப்பேர், ஓட்டத் தெரிந்தவர் எல்லாம் கணக்கில் வரும். சின்னப் பூங்காவுக்குத் தனி மெஷின் வாங்காமல் சுற்றும் குழுவிடம் ஒன்று இருந்தால் போதும். பெருக்குவது, களை எடுப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் கை வேலைதான்.

தனியார் தத்தெடுத்த பூங்காவுக்கு?

அதே கணக்கு, அதே எதிர்பார்ப்பு. ஒப்பந்தக் காலம் என்றைக்கு முடிகிறது என்று மட்டும் தெரிந்து வைத்திருங்கள். மறுநாள் யார் கேட்டைத் திறப்பார் என்பதற்குப் பதில் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

புதிதாகப் பூங்காக்கள் வருகின்றன. அவற்றுக்கு எப்போது கணக்குப் போடுவது?

வரைபடம் போடும்போதே. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டும்போது 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. மாதவரம் போலப் புதிய அடுக்குமாடிகள் எழும் பகுதிகளில் இப்படிப் பூங்கா நிலங்கள் கிடைக்கின்றன. திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கும், அடுத்த மாதத் தண்ணீர் லாரிக்கு இருக்காது. செயற்கை நீரூற்று வைக்கப் போகிறார்கள் என்றால், அதைப் பார்த்துக்கொள்ளும் எலெக்ட்ரீஷியனின் மணி நேரத்தை முதலில் கேளுங்கள்.

கணக்கு எடுத்தாச்சு. யாரிடம் கொடுப்பது?

முதலில் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும், பகுதி சபைக் கூட்டத்திலும். தீர்மானப் பதிவில் ஏறுகிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கோடு ஒப்பிட, தகவல் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் சில தகவல்களைக் கேளுங்கள்: அந்தப் பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்த நகல், பணியமர்த்த வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை, கடந்த மூன்று மாத வருகைப் பதிவேடு, பி.எஃப். கட்டிய ரசீது, அபராதம் ஏதும் விதித்திருந்தால் அதன் விவரம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

நேரமும் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் நிதியாண்டு முடிவதற்குள் வந்துவிடும். பிப்ரவரியில் போய்க் கேட்டால் எல்லாம் முடிவாகியிருக்கும். மழைக்காலக் கணக்கை நவம்பரிலேயே எடுத்து, கோடைக் கணக்கோடு சேர்த்து டிசம்பருக்குள் மண்டல அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.